மாத்திப் பாரு, மாத்திப் பாரு... ஒரு ஸ்பீக்கர் செத்த கதை

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆணி அதிகம். இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் கோபம். கொஞ்சம் நீளமா இருக்கும். எலக்ட்ரானிக்ஸ்னா காத தூரம் ஓடுறவங்களும் படிக்கலாம், கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும். ‘அடுத்தவன் பொழப்புக்கு அலட்சியமா யோசனை சொல்றது எப்படி’ங்கிற தலைப்பு வச்சிருந்தாலும் இந்தப் பதிவுக்குப் பொருந்தியிருக்கும்.

அக்கா பையன் திண்டுக்கல்ல டிப்ளமோ படிக்கிறான், எலக்ட்ரானிக்ஸ். கைவேலை நல்லா வரும். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு சொந்தமா பண்றேன்னு கிளம்பினான். இணையத்துல கிடைச்ச ஒரு சர்க்யூட்டை எடுத்து, முதல்ல ஒரு சேனல் மட்டும் ஜெனரல் பர்பஸ் போர்டுல வச்சு சால்டர் பண்ணிட்டான். அவுட்புட்ல 2என்3055, எம்ஜே2955 ஜோடி. நம்ம தலைமுறைக்கெல்லாம் குலதெய்வம் மாதிரி இருக்குற அதே இரும்புத் தொப்பி டிரான்சிஸ்டர்கள்தான். போட்டதும் பாட்டு வந்துடுச்சு. பயலுக்கு சந்தோஷம் தாங்கலை. எங்கப்பா, அதாவது அவனோட தாத்தா, எண்பதுகள்ல டேப் டெக்குக்காக ஒரு மரப்பெட்டி அடிச்சு அதுல எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வச்சிருந்தார். அவர் போனப்புறம் பரண்ல கிடந்ததை இறக்கித் தொடைச்சு அதுல மாட்டிக் கேட்டிருக்கான்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணினான். “மாமா, ஒரு ஹீட்சிங்க் மட்டும் கொதிக்குது. இன்னொண்ணு ஜில்லுனு இருக்கு. ஆன் பண்ணினா ஸ்பீக்கர் கோன் டொக்குனு முன்னால வந்து அப்படியே நின்னுடுது. ஆனா பாட்டு வருது.”

இதுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்? “உடனே ஸ்பீக்கரைக் கழட்டுடா, மீட்டரை வச்சு அவுட்புட்ல டிசி எவ்வளவுன்னு பாரு”ன்னு சொல்லியிருக்கணும். நான் அப்ப கறிகாய்ப் பையோட லிஃப்ட்டுக்குக் காத்துக்கிட்டிருந்தேன். “2என்3055 டூப்ளிகேட்டா இருக்கும் மாப்ளே, மாத்திப் பாரு”ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

மறுநாள் மாத்தினான். திரும்ப அதே ஸ்பீக்கரை மாட்டினான். மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பி சாயங்காலம் முழுக்க பாட்டு கேட்டிருக்கான். எட்டு மணி வாக்குல பெட்டிக்குள்ளேர்ந்து வார்னிஷ் கருகுற வாசனை. கொஞ்ச நேரத்துல பாட்டு நின்னுபோச்சு. வாய்ஸ் காயில் காலி.

ஆக இந்தப் பதிவுல நான் திட்டப்போற கோஷ்டியில முதல் ஆள் நானேதான். அதைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், பின்னூட்டத்துல யாரும் கண்டுபிடிச்சு சொல்ல வேண்டாம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பையன் ஆளாளுக்குக் கேட்டிருக்கான். ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன், “எல்லாம் டூப்ளிகேட் சாமான் தம்பி, முன்னால இருக்குற சின்ன டிரான்சிஸ்டரையும் மாத்து”ன்னார். மாத்தினான். மூணு செட் மாத்தினான். லேப்ல ஒரு பெரியவர், “அவுட்புட்ல சீரிஸா ஒரு 2200 எம்எஃப்டி கண்டென்சர் போடு, டிசி போகாது, வேலை முடிஞ்சுது”ன்னார். இன்னொருத்தர், “ஒரு ப்ரீசெட் வச்சு ஜீரோவுக்குத் திருகிடு”ன்னார். ஆறு பேரு ஏழு யோசனை. ஒருத்தர்கூட, சத்தியமா ஒருத்தர்கூட, “எத்தனை வோல்ட் வருது?”ன்னு கேட்கலை. டாக்டர்கிட்ட போனா நாக்கை நீட்டச் சொல்லியாவது பார்ப்பாரு. இங்க நேரா ஆபரேஷன்.

கடைசியா அவன் சொன்னதுதான் என்னை உலுக்கிடுச்சு. “எனக்கு இது வராது மாமா. தாத்தா ஸ்பீக்கரையும் எரிச்சிட்டேன். மூட்டை கட்டி வச்சிடறேன்.” இருபது வயசு. கணக்கு தப்பா போனதுக்குத் தன்னைக் குறை சொல்லிக்கிறான். யோசனை சொன்னவங்க எல்லாம் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயாச்சு.

லீவுக்குச் சென்னைக்கு வாடான்னேன். ராத்திரி பஸ்ல செருப்பு டப்பாவுக்குள்ள போர்டைச் சுத்தி எடுத்துக்கிட்டு வந்து இறங்கினான்.

முதல்ல ஒண்ணு. டிசி ஆஃப்செட்னு ஒரே பேருல ரெண்டு வேற வேற வியாதியைப் போட்டுக் குழப்புறாங்க. பிளஸ் மைனஸ் 24 வோல்ட்ல ஓடுற ஒரு ஆம்ப்ல, பாட்டு எதுவும் இல்லாதப்ப அவுட்புட் பூஜ்யத்துல நிக்கணும். அது 22, 23 வோல்ட்னு ஒரு பக்கமா ஒட்டிக்கிட்டா ஏதோ ஒரு பாகம் செத்திருக்கு, இல்லை ஃபீட்பேக் கம்பி விட்டுப்போயிருக்கு, இல்லை சால்டர் பிடிக்கலை. அப்ப பாட்டே ஒழுங்கா வராது. எட்டு ஓம் ஸ்பீக்கரோட காயிலை மீட்டர்ல அளந்தா ஆறரை ஓம் சுமாருக்குக் காட்டும். 24 வோல்ட் அதுல பாய்ஞ்சா 88 வாட். நொடிக்கணக்குல புகை. இங்க ‘மாத்து’ங்கிறது நியாயமான பேச்சு, செத்ததைக் கண்டுபிடிச்சு மாத்தித்தான் ஆகணும்.

ரெண்டாவது வகை, பாட்டு நல்லா வரும், ஆனா அவுட்புட் பூஜ்யத்துலேர்ந்து கொஞ்சம் நகர்ந்து நிக்கும். 30 மில்லிவோல்ட்டா இருக்கலாம், ரெண்டு வோல்ட்டா இருக்கலாம், அஞ்சு வோல்ட்டாவும் இருக்கலாம். இங்க பெரும்பாலும் எதுவும் சாகலை. கணக்குதான் செத்திருக்கு. இந்த வகைக்கு டிரான்சிஸ்டர் மாத்துறது, வீட்டுக்கணக்கு உதைக்குதுன்னு கால்குலேட்டரை மாத்துற மாதிரி.

பையன் மாத்தின மூணு செட்டுக்கும் என்ன வோல்ட் வந்ததுன்னு கேட்டேன். நல்லவேளை, நோட்டுல எழுதி வச்சிருந்தான். 5.6, 5.1, 5.9. “டேய், மூணு தடவை வேற வேற டிரான்சிஸ்டர் போட்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் வந்தா குத்தம் டிரான்சிஸ்டர் மேலயா?”ன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு, “இல்ல மாமா, சர்க்யூட்ல இருக்கு”ன்னான். இதை திண்டுக்கல்லயே அவனாலேயே சொல்லியிருக்க முடியும். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தா.

போலி 2என்3055 ஊர்ல இல்லவே இல்லைன்னு நான் சொல்லலை. இருக்கு. உள்ளே அரிசி அளவு சிலிக்கானை வச்சு மேல பெரிய தொப்பியைப் போட்டு விக்கிறாங்க. ஆனா அது லோடு ஏறும்போது வெடிக்கும், சூட்டுல போகும். அமைதியா மூணு தடவையும் அஞ்சரை வோல்ட் பக்கத்துல நிக்காது. ‘டூப்ளிகேட்’ங்கிற ஒத்தை வார்த்தை நம்ம ஊர்ல ரிப்பேர் பண்றவங்களுக்கும் எனக்கும் (ஹி ஹி) யோசிக்காம தப்பிக்க வசதியான சந்து.

சரி, போர்டை மேஜைல வச்சோம். 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸோட சீரிஸா போட்டோம். (எல்இடி பல்பு உதவாது, இழை உள்ள பழைய பல்புதான் வேணும். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு பளிச்னு எரிஞ்சு மிச்சத்தைக் காப்பாத்தும்.) ஸ்பீக்கரே மாட்டலை. இன்புட்டைக் கிரவுண்டோட சேர்த்தாச்சு. மீட்டர் டிசில. பத்து நிமிஷம் சூடாக விட்டோம், ஏன்னா ஆஃப்செட் சூட்டோட நகரும், ஆன் பண்ணின கையோட பார்க்குற நம்பரை நம்பக்கூடாது. மூணே மூணு இடத்துல தொட்டோம். இன்புட் டிரான்சிஸ்டரோட பேஸ், ஃபீட்பேக் டிரான்சிஸ்டரோட பேஸ், அவுட்புட்.

0.21 வோல்ட். 0.24 வோல்ட். 5.6 வோல்ட்.

மூணு நம்பர். வியாதி முழுக்க இதுக்குள்ள இருக்கு. ஏன்னு சொல்றேன்.

இந்த மாதிரி ஆம்ப்போட வாசல்ல ரெண்டு டிரான்சிஸ்டர் எமிட்டரோட எமிட்டர் கட்டிக்கிட்டு நிக்கும். லாங் டெயில்டு பேர்னு பேரு. ஆலன் ப்ளூம்லைன்னு ஒரு மனுஷன், ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குப் பேர் போனவர், வால்வு காலத்துலயே, 1936ல, இதுக்குக் காப்புரிமை விண்ணப்பிச்சவர். தராசுன்னு நினைச்சுக்குங்க. ஒரு தட்டுல இன்புட், இன்னொரு தட்டுல அவுட்புட்லேர்ந்து திரும்பி வர்ற ஃபீட்பேக். ரெண்டு தட்டும் சமமா நிக்கிற வரைக்கும் அவுட்புட்டை மேலயும் கீழயும் இழுக்குறதுதான் ஆம்ப்போட வேலை. தட்டு சமமா நின்னாலும், தட்டுக்கு அடியில யாரோ புளியை ஒட்டி வச்சிருந்தா எடை தப்பாத்தானே வரும்? ஆஃப்செட்ங்கிறது அந்தப் புளி.

இவன் போர்டுல மூணு இடத்துல புளி ஒட்டியிருந்துச்சு.

பெரிய உருண்டை முதல்ல. ஃபீட்பேக் பேஸ்ல 0.24, அவுட்புட்ல 5.6. நடுவுல 22கே ரெசிஸ்டர். அதுல விழற வோல்ட் 5.36. அப்ப கரண்ட் 0.24 மில்லியாம்ப். ஒரு பிசி557 பேஸ் தர்ற கரண்ட் ஒண்ணு ரெண்டு மைக்ரோஆம்ப்தான். அப்ப மீதி எங்க போகுது? அந்த பேஸ்லேர்ந்து கிரவுண்டுக்கு ஒரு 1கே இருக்கு, அதோட சீரிஸா ஒரு 100 எம்எஃப்டி இருக்கணும். 0.24 வோல்ட்டை 1கே-ல வகுத்தா 0.24 மில்லியாம்ப். அச்சு அசலா பொருந்துது. அதாவது டிசி அந்த 1கே வழியா தாராளமா கிரவுண்டுக்குப் போகுது. கண்டென்சர் டிசியைத் தடுக்கலை.

“கண்டென்சர் ஷார்ட்டா மாப்ளே?”

தலையைக் குனிஞ்சான். “அங்க கண்டென்சரே போடலை மாமா. ஜம்பர் போட்டிருக்கேன். ஒரு வீடியோவுல சொன்னாங்க, அந்த கண்டென்சர் பாஸைச் சாப்பிடுதாம். எடுத்துட்டா சும்மா அதிருமாம்.”

அடப்பாவிகளா.

அந்த கண்டென்சர் எதுக்கு இருக்கு? பாட்டுக்கு இந்த ஆம்ப் 23 மடங்கு பெருக்கணும், 22கே-வை 1கே-ல வகுத்து ஒண்ணு கூட்டினா வர்ற 23. டிசிக்கு மட்டும் பெருக்கவே கூடாது, ஒரு மடங்கோட நிக்கணும். அந்த 100 எம்எஃப்டி டிசிக்குக் கதவைச் சாத்துது, பாட்டுக்குத் திறக்குது. அதை எடுத்துட்டு ஜம்பர் போட்டா வாசல்ல இருக்குற 0.24 வோல்ட்டும் 23 மடங்காகி அவுட்புட்டுக்கு வரும். பெருக்கிப் பாருங்க, அஞ்சரை. கண் முன்னால இருக்கு.

பாஸைச் சாப்பிடுதா? 100 எம்எஃப்டியும் 1கே-வும் சேர்ந்தா ஒன்றரை ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழதான் குறைக்கும். மனுஷக் காது 20 ஹெர்ட்ஸ்ல நின்னுபோகுது. ஒன்றரை ஹெர்ட்ஸ்ல எந்த பாஸ் இருக்கு? நிலநடுக்கம் வேணும்னா இருக்கலாம். எலக்ட்ரோலிடிக் சத்தத்தைக் கெடுக்கும்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல கொஞ்சம் உண்மையும் உண்டு, கண்டென்சர் ரொம்பச் சின்னதா இருந்து அதுக்குக் குறுக்கே வோல்ட் ஏறி இறங்கினா. பெருசாப் போட்டா முடிஞ்சுது. உண்மையிலேயே கண்டென்சர் இல்லாம பண்றவங்க உண்டு. அவங்க தனியா ஒரு சர்வோ சர்க்யூட் வச்சு ஆஃப்செட்டை விடாம இழுத்துப் பிடிப்பாங்க, இல்லைன்னா வாசல்ல ஜோடி பொருத்தின டிரான்சிஸ்டர் போடுவாங்க. அதை எதையும் சொல்லாம ‘ஜம்பர் போடு, அதிரும்’னு மட்டும் சொல்றது, பிரேக்கைக் கழட்டினா வண்டி வேகமாப் போகும்னு சொல்ற மாதிரி. போகும்தான்.

இப்ப லேப் பெரியவர் யோசனையைப் பாருங்க. இருக்க வேண்டிய இடத்துல கண்டென்சர் இல்லாததால வந்த வியாதி. அதுக்கு வைத்தியம், தேவையில்லாத இடத்துல இன்னொரு கண்டென்சர்! ஸ்பீக்கர் தப்பிச்சிருக்கும், ஒத்துக்கறேன். ஹீட்சிங்க் சூடும் அடங்கியிருக்கும். ஆனா ஆம்ப் அஞ்சரை வோல்ட் மேல நின்னுக்கிட்டேதான் இருக்கும். மேல ஏற அவ்வளவு இடம் குறைஞ்சுபோச்சு. பூஜ்யத்துல நின்னா நஷ்டமெல்லாம் போக 21 வோல்ட் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஆடும், எட்டு ஓம்ல 27 வாட் கிடைக்கும். இப்ப மேல் பக்கம் 15 வோல்ட்டுலேயே தலை முட்டும், சுத்தமா கிடைக்கிறது 15 வாட். 27 வாட் ஆம்ப் பண்ணி 15 வாட்டுக்கு மேல கரகரன்னு கேட்டா, அப்பவும் அவன் என்ன சொல்லுவான்? ‘எனக்கு இது வராது’.

அதுமட்டுமில்லை. எலக்ட்ரோலிடிக்குக்கு பிளஸ் மைனஸ் உண்டு. ரெட்டை சப்ளை ஆம்ப் ஒருநாள் நிஜமாவே பழுதாகி மைனஸ் 24 பக்கம் ஒட்டிக்கிட்டா, பிளஸ் காலை ஆம்ப் பக்கம் வச்ச கண்டென்சருக்குத் தலைகீழா வோல்ட் போகும். சூடாகி வெடிக்கும்.

ஒத்தை சப்ளை ஆம்ப்ல அவுட்புட் கண்டென்சர் கட்டாயம் வேணும், அங்க அவுட்புட்டே பாதி சப்ளைல நிக்கும். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர் எல்லாம் அப்படித்தான். டிடிஏ2030 டேட்டாஷீட்ல ஒத்தை சப்ளை படத்துல 2200 எம்எஃப்டி போட்டே காட்டியிருப்பாங்க. அந்தப் பெரியவர் அந்தக் காலத்துல படிச்சவர், அவருக்கு அது கை பழக்கம். அவர் மேல எனக்குக் கோபம் கம்மிதான். வீடியோக்காரர் மேலதான் அதிகம். என் மேல அதைவிட.

ஜம்பரை எடுத்துட்டு 100 எம்எஃப்டி வச்சோம். அவுட்புட் 5.6லேர்ந்து 0.23 வோல்ட்டுக்கு இறங்கிடுச்சு. பையன் முகத்துல அப்பவே பாதி உயிர் வந்துடுச்சு. “போதும்ல மாமா?”ன்னான். ஸ்பீக்கருக்குப் போதும். 0.23 வோல்ட் ஆறரை ஓம்ல எட்டு மில்லிவாட் சொச்சம்தான், காயில் எரியாது. 30 மில்லிவோல்ட் இருக்கேன்னு ராத்திரி தூக்கம் கெட்டுத் திரியிற கூட்டமும் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கும் இதைச் சொல்லிக்கிறேன். ஆனா மூணு உருண்டைல ஒண்ணுதானே எடுத்திருக்கோம்? மீதியும் பார்த்துடுவோம்னேன்.

இன்புட் பேஸ்ல எப்படி 0.21 வோல்ட் வந்தது? இன்புட்டைக் கிரவுண்ட் பண்ணியாச்சே? நடுவுல 0.1 எம்எஃப்டி இருக்கு, டிசி அதைத் தாண்டாது. பேஸ்லேர்ந்து கிரவுண்டுக்கு 100கே. பிஎன்பி டிரான்சிஸ்டர், பேஸ் கரண்ட் வெளிய வரும். கலெக்டர்ல அரை மில்லியாம்ப் சொச்சம், கெயின் 250 சுமார், அப்ப பேஸ்ல ரெண்டு மைக்ரோஆம்ப் சொச்சம். 100கே-ல அது 0.21 வோல்ட். இதே மாதிரி அந்தப் பக்கம் ஃபீட்பேக் பேஸுக்கு 22கே. ஒரு தட்டுக்கு 100, இன்னொரு தட்டுக்கு 22, தராசு எப்படி நிக்கும்?

ரெண்டு பக்கமும் ஒரே ரெசிஸ்டர் இருந்தா ரெண்டு பக்கமும் ஒரே அளவு உயரும், வித்தியாசம் அடிபட்டுப்போகும். மறுபடி டிடிஏ2030 டேட்டாஷீட்டை எடுத்துப் பாருங்க. இன்புட்ல 22கே. ஃபீட்பேக்ல 22கே. சும்மா கைக்குக் கிடைச்சதைப் போட்டதில்லை அது. ஆனா நம்ம ஊர்ல படத்தைக் காப்பி அடிக்கிறவர் ‘22கே இல்லையா? 100கே போடு, இன்புட்தானே’ன்னு மாத்துவார், அவர்கிட்டேர்ந்து அடுத்தவர் எடுப்பார், பத்தாவது கைக்கு வரும்போது அது சட்டமாயிடும்.

100கே-வை எடுத்து 22கே போட்டோம். அதோட நிறுத்தினா பாஸ் நிஜமாவே போயிடும், ஏன்னா 0.1 எம்எஃப்டியும் 22கே-வும் 72 ஹெர்ட்ஸ்ல வெட்டும். அதனால அந்த இன்புட் கண்டென்சரை 1 எம்எஃப்டி ஆக்கினோம், ஏழு ஹெர்ட்ஸ். (பாஸ் வேணும்ங்கிறவங்க பார்க்க வேண்டிய கண்டென்சர் இதுதான் சாமிகளா.) அவுட்புட் 65 மில்லிவோல்ட்.

மூணாவது உருண்டை எனக்கு ரொம்பப் பிடிச்சது. படத்தோட மூலையில சின்னதா, பிளஸ் மைனஸ் 35 வோல்ட்னு போட்டிருந்தது. இவன் கைல இருந்தது 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர், அதுல வர்றது 24 சொச்சம். கம்மி வோல்ட்தானே, பவர் குறையும், வேற என்ன ஆகும்னு போட்டுட்டான். நாம எல்லாரும் பண்றதுதான்.

ரெண்டு எமிட்டரும் சேருற இடத்துக்கு மேல 33கே ஒண்ணு இருக்கு. 35 வோல்ட்ல அது தர்றது 1.04 மில்லியாம்ப். ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கணும். ஆனா இன்புட் டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல 1.2கே இருக்கு, அதுக்குக் குறுக்கே அடுத்த டிரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் 0.65 வோல்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். அதனால இன்புட் டிரான்சிஸ்டர் எப்பவும் 0.54 மில்லியாம்ப் எடுத்தே தீரும், சப்ளை எவ்வளவானாலும். மிச்சம் இருந்தா அடுத்தவனுக்கு. 35 வோல்ட்ல மிச்சம் 0.50, ஏறக்குறைய சமம். 24 வோல்ட்ல அந்த 33கே தர்றதே 0.71 தான். அண்ணன் 0.54 எடுத்துட்டா தம்பிக்கு 0.17. கூட்டுக்குடும்பத்துல பார்த்திருப்பீங்க.

கரண்ட் மூணு மடங்கு வித்தியாசம்னா பேஸ்-எமிட்டர் வோல்ட்ல 30 மில்லிவோல்ட் வித்தியாசம் வரும். நாம அளந்தோமே, 0.21, 0.24, அந்த 0.03 இதுதான். பேஸ் கரண்டும் அதே விகிதத்துல கோணலாகும், அதுல இன்னொரு முப்பது. கூட்டினா அறுபது சொச்சம். மீட்டர் காட்டினது அறுபத்தஞ்சு.

33கே-வை எடுத்து 22கே போட்டோம். ஏன் 22? 24லேர்ந்து 0.65ஐக் கழிச்சு, வேண்டிய 1.08 மில்லியாம்ப்பால வகுத்தா 21.6கே. கடையில கிடைக்கிறது 22. பல்பு, மீட்டர், பத்து நிமிஷம்.

7 மில்லிவோல்ட்.

இங்க ப்ரீசெட் யோசனை சொன்னவரையும் விட்டுடக் கூடாது. ப்ரீசெட் போட்டிருந்தா அன்னிக்கே ஜீரோ வந்திருக்கும், நிஜம்தான். ஆனா உள்ளே ஒருத்தன் 0.54, ஒருத்தன் 0.17ன்னு கோணலாவே ஓடிக்கிட்டிருப்பான். இந்த ஜோடி கோணலா இருந்தா ரெண்டாவது ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் ஏறும்னு டக்ளஸ் செல்ஃப் தொண்ணூறுகள்லேயே அளந்து காட்டி எழுதியிருக்கார், பவர் ஆம்ப் பத்தின அவரோட புத்தகத்துலயும் இருக்கு. ஆக ஆஃப்செட்ங்கிறது ஆம்ப் நம்மகிட்ட சொல்ற புகார். ப்ரீசெட் திருகுறது புகார் பண்ணினவன் வாயைப் பொத்துறது. போதாக்குறைக்கு அந்த மலிவு ப்ரீசெட்டோட தேய்ப்பான் ஒருநாள் விட்டுப்போச்சுன்னா ஆஃப்செட் எங்க போய் நிக்கும்னு அதுக்கே தெரியாது. எல்லாம் சரி பண்ணின பிறகு கடைசி அஞ்சு பத்து மில்லிவோல்ட்டுக்கு வைங்க, நான் கேட்கவே மாட்டேன்.

ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலே வேற விஷயம். அது வேணும். யுபிசி1237 ஐசி ஒண்ணும் ரிலே ஒண்ணும் வச்சா டிசி வந்தா ஸ்பீக்கரைக் கழட்டிவிடும். அது ஹெல்மெட். ஹெல்மெட் இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறவனுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை.

மொத்தச் செலவு? ரெண்டு 22கே, ஒரு 100 எம்எஃப்டி, ஒரு 1 எம்எஃப்டி. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு டீ, ஒரு வடை காசுல வாங்கிடலாம். அவன் அதுக்கு முன்னால மாத்தின டிரான்சிஸ்டருக்கெல்லாம் எவ்வளவு ஆச்சுன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். அவங்கம்மா, அதான் எங்க அக்கா, இந்தப் பதிவைப் படிக்கிறாளாம்.

உங்கள்ல யாராவது சர்க்யூட் படம் போட்டுப் பதிவு எழுதுறவங்க இருந்தா ஒரு வேண்டுகோள், வேண்டுகோள் என்ன, சண்டையே போடுறேன். படத்தோட சேர்த்து சப்ளை எத்தனை வோல்ட், எந்தெந்தப் புள்ளியில எத்தனை வோல்ட் வரணும்னு எழுதுங்க. பழைய ரேடியோ சர்வீஸ் மேனுவல்ல ஒவ்வொரு காலுக்கும் வோல்ட் போட்டிருப்பாங்க, பார்த்திருக்கீங்களா? அது இல்லாத படம், உப்பு புளி அளவு சொல்லாத சமையல் குறிப்பு. நீங்களே கட்டிப் பார்க்காத படம்னா போடவே போடாதீங்க. யாரோ ஒரு பையன் அதை நம்பி பஸ் காசை மிச்சம் பிடிச்சு சாமான் வாங்குறான்.

ஸ்பீக்கர் என்னாச்சுன்னு கேப்பீங்க. காயில் மாத்தித் தர்ற ஒருத்தர்கிட்ட கொடுத்திருக்கு. கோன் பழைய காகிதம், பிரிக்கும்போது கிழியலாம்னு முன்கூட்டியே சொல்லிட்டார். கிழிஞ்சா கிழியட்டும், பெட்டி இருக்கு, அதுல வேற ஸ்பீக்கர் வைக்கலாம்னு நான் சொன்னேன். பையன் பதில் சொல்லலை. அந்த போன்ல நான் சொன்ன யோசனையைப் பத்தியும் அவன் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. நானாத்தான் சொன்னேன், “அன்னிக்கு நான் ஒரு வார்த்தை ஒழுங்கா கேட்டிருந்தா ஸ்பீக்கர் பிழைச்சிருக்கும்டா.” “பரவால்ல மாமா”ன்னான். அந்தப் பரவால்லதான் இன்னும் குத்துது.

போன வாரம் ரெண்டாவது சேனல் முடிச்சிட்டான். இந்தத் தடவை முதல்ல மீட்டர், அப்புறம்தான் ஸ்பீக்கர். 11 மில்லிவோல்ட் வந்திருக்கு. முதல் சேனல்ல ஏழுதானே வந்தது, இதுல ஏன் பதினொண்ணுன்னு கேட்டு என் உயிரை எடுத்துக்கிட்டிருக்கான். விடுறா, ரெண்டு டிரான்சிஸ்டருக்கு நடுவுல அவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்னா கேட்கலை. பத்து பிசி557 வாங்கி வச்சு ஒவ்வொண்ணா கெயின் அளந்துக்கிட்டு இருக்கானாம்.

டிஸ்கி: மெயின்ஸ் 230 வோல்ட், விளையாட்டில்லை. பல்பு போட்டிருந்தாலும் ஷாக் அடிக்கும். ஃபில்ட்டர் கண்டென்சர் ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜ் வச்சிருக்கும், ஒரு ரெசிஸ்டரை வச்சு இறக்கிட்டுக் கை வைங்க. திட்டணும்னு தோணுறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம், ஆனா அவுட்புட்ல எத்தனை வோல்ட்னு எழுதிட்டுத் திட்டுங்க.